தையல் பிரித்த பிறகும் தீராத வலி

(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், 'பி' பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற மயக்க மருந்து மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் கேட்ட சில கேள்விகளும் கடைசியில் உள்ளன. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுவதையும் வெளியிடுகிறோம்.)

தண்ணீர்த் தொட்டி, பராமரிப்புக் கட்டணம் இரண்டும் பேசி முடித்த பிறகும் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். சுண்டலுக்காகவும் இருக்கலாம். பரவாயில்லை, அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன்.

இங்கே பல பேருக்கு என்னை 'பி பிளாக் டாக்டரம்மா' என்று தெரியும். பிரஷர் பார்க்கச் சொல்வீர்கள், பேரனுக்குக் காய்ச்சல் என்று கூப்பிடுவீர்கள். நான் முப்பத்தைந்து வருடம் செய்தது மயக்க மருந்து வேலை. ஆபரேஷனுக்கு முன்னால் தூங்கவைத்து, முடிந்ததும் எழுப்பிவிடுவேன். நோயாளி கண் விழித்துப் பெயரைச் சொல்லி, 'வலிக்குது' என்றால் அதற்கு ஒரு மருந்து கொடுத்து வார்டுக்கு அனுப்புவேன். அத்தோடு என் வேலை முடிந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து அந்த மனிதருக்கு எப்படி இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதே இல்லை.

அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன். நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, புண் ஆறி, தையல் பிரித்து, எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருந்தும் போகாமல் நிற்கிற நரம்பு வலி. அது வராமல் மருந்தால் தடுக்க முடியுமா, வந்தால் என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

இதைப் பேச எனக்கு இரண்டு காரணம்.

முதல் காரணம் என் நாத்தனார். எட்டு வருடத்துக்கு முன் அவருக்கு இடது நுரையீரலில் ஒரு கட்டி. விலாவைத் திறந்து எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நாலாவது மாதம் போன் செய்தார். "அண்ணி, புடவைத் தலைப்பு பட்டாலே எரியுது." நான் சொன்ன பதில்: "பெரிய ஆபரேஷன் இல்லையாம்மா, உள்ளே ஆற நாளாகும். பொறுத்துக்கோ." ஆறாவது மாதம் மறுபடி கேட்டார். அதே பதில்தான். பிறகு அவர் சொல்வதையே விட்டுவிட்டார். வலி போய்விட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஒன்றரை வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் இருவரும் ஒரே அறையில் உடை மாற்றினோம். ஜாக்கெட்டுக்குள் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வைத்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டின் தையல் உரசாமல் இருப்பதற்காக. ஒன்றரை வருடமாக இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்ததில்லையாம். வலியே என் தொழில். என் வீட்டு மனுஷிக்கு அது இருந்தது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது காரணம், போன தீபாவளிக்கு முன் நம் குடியிருப்பிலேயே நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் சொல்லலாம் என்றார்கள், பெயர் மட்டும் வேண்டாம். பைபாஸ் ஆன ஒரு பெரியவருக்கு இடது மார்பில் எரிச்சல். காலை நடையில் கூட வருகிற நண்பர், சர்க்கரையால் வந்த கால் எரிச்சலுக்குத் தான் சாப்பிடும் மாத்திரையை ஒரு அட்டை கொடுத்தார். "நரம்பு மாத்திரைதான் சார், வைட்டமின் மாதிரி. எனக்கு நல்லா கேட்டுது." பெரியவர் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு, வழக்கமான தூக்க மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுத்தார். விடியற்காலையில் பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாத்திரை கொடுத்தவர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். அந்தப் பெரியவருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் மந்தம் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

முதலில் இந்த வலி எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

நம் பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. 'நரம்பு' என்று நாம் எதையெல்லாமோ சொல்கிறோம். கையில் ஊசி போடும் ரத்தக் குழாயும் நரம்பு, காலில் சுருண்டு தெரிவதும் நரம்பு, சதைப் பிடிப்பும் 'நரம்பு இழுத்துக்கிச்சு'. நான் சொல்லும் நரம்பு, உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் வயர். முதுகுத்தண்டிலிருந்து ஒவ்வொரு விலா எலும்புக்கும் ஒன்று என்று கிளம்பி, எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி முன்பக்கம் வரை வளைந்து வருகிறது. அந்த விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. அதில் மேலே சிரை, நடுவில் தமனி, அடியில் நரம்பு. மூன்றில் பாதுகாப்பு குறைந்த இடம் நரம்புக்குத்தான்.

நுரையீரலுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு விலாவுக்கு நடுவே வழி செய்ய வேண்டும். திறந்து செய்யும் ஆபரேஷனில், விலாக்களை விலக்கிப் பிடிக்க ஒரு இரும்புக் கருவி உண்டு. கார் ஜாக்கி மாதிரி கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அகலும். அந்த அழுத்தத்தில் நரம்பு நசுங்கலாம், இழுபடலாம். மூடும்போது போடும் தையலில் மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது, மேல் கையின் உட்பக்கத்துக்குப் போகும் ஒரு நரம்பு வழியிலேயே இருக்கிறது. பைபாஸில் நடு நெஞ்செலும்பைப் பிளக்கிறார்கள், அதோடு பெரும்பாலும் மார்புச் சுவரின் உட்புறம் ஓடும் தமனி ஒன்றைப் பிரித்து எடுத்து இதயத்தில் இணைக்கிறார்கள். அதனால்தான் பைபாஸ் ஆனவர்கள் பலர் இடது பக்கம் மரத்த மாதிரி இருக்கிறது என்பார்கள்.

இதையெல்லாம் அறுவை மருத்துவர் கவனக்குறைவால் செய்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிரைக் காப்பாற்றப் போகும் வழியில் இந்த நரம்புகள் இருக்கின்றன. இப்போது பல இடங்களில் கேமரா வைத்துச் சின்னத் துளை வழியாகச் செய்வதால் சேதம் குறைகிறது, இல்லாமல் போய்விடவில்லை.

எத்தனை பேருக்கு இது வருகிறது? ரொம்ப நாள் யாரும் எண்ணவேயில்லை. 1998-இல் பிரிட்டனின் வட பகுதியில் 10 வலி கிளினிக்குகளுக்கு வந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல், தன் வலிக்கு ஓர் ஆபரேஷனும் காரணம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. 2006-இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு தொகுப்பு, விலாவைத் திறந்த ஆபரேஷனுக்குப் பின் 30 முதல் 40 சதவீதம் பேருக்கும், மார்பக ஆபரேஷனுக்குப் பின் 20 முதல் 30 சதவீதம் பேருக்கும், பைபாஸுக்குப் பின் 30 முதல் 50 சதவீதம் பேருக்கும் வலி நீடிக்கிறது என்றது. பயப்படாதீர்கள், இவர்களில் பெரும்பாலோருக்கு லேசான வலிதான். அன்றாட வேலையைக் கெடுக்கிற கடுமையான வலி 100-க்கு 5 முதல் 10 பேருக்கு. ஆனால் நம் குடியிருப்பில் நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்களை நீங்களே மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். இந்தக் கூடத்திலேயே சிலர் இருக்கிறீர்கள்.

இப்போது மருந்துக்கு வருகிறேன்.

1983-இல் கிளிஃபர்ட் வூல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் 'நேச்சர்' இதழில் ஒரு விஷயம் எழுதினார். காயம் பட்டால் காயம் பட்ட இடம் மட்டும் மாறுவதில்லை, தண்டுவடமே மாறிவிடுகிறது, சின்னத் தூண்டுதலையும் பெரிதாக்கி அனுப்ப ஆரம்பிக்கிறது என்று. சி பிளாக் தீ அலாரம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு முறை நிஜமாகவே புகை வந்த பிறகு அதன் உணர்திறனை ஏற்றி வைத்தார்கள், அப்புறம் தோசை கருகினாலே அலறியது. அந்த மாதிரிதான். புடவைத் தலைப்பு பட்டால் எரிவது, அலாரம் கெட்டுப்போனதன் அடையாளம்.

இதிலிருந்து ஒரு அழகான யோசனை பிறந்தது. வெட்டுவதற்கு முன்பே மருந்து கொடுத்து அலாரத்தை அடக்கிவிட்டால்? 1988-இல் பேட்ரிக் வால் என்ற பெரிய வலி விஞ்ஞானி இதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதினார். உலகம் முழுவதும் எங்களைப் போன்றவர்கள் உற்சாகமாகிவிட்டோம். பிறகு காபாபென்டின் வந்தது. 1993-இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கு அனுமதித்த மாத்திரை, அக்கி வந்து போன பிறகு நீடிக்கும் நரம்பு வலிக்கும் நன்றாக வேலை செய்தது. அதன் தங்கை ப்ரீகாபலின். 'வந்த நரம்பு வலியையே குறைக்கிறது என்றால், வருவதற்கு முன்னாலேயே கொடுத்தால் தடுக்காதா?' கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின இரவு ஒரு மாத்திரை, காலையில் ஒன்று. நானும் பல வருடம் எழுதிக் கொடுத்தேன்.

நடுவில் ஒரு அசிங்கமும் நடந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஸ்காட் ரூபன் என்ற மயக்க மருந்து மருத்துவர், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பல மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தால் வலி எப்படிக் குறைகிறது என்று கட்டுரை மேல் கட்டுரையாக எழுதிப் பெயர் வாங்கியவர். 2009-இல் அவருடைய 21 கட்டுரைகளில் தரவு இட்டுக்கட்டியது என்று தெரியவந்தது. மறு வருடம் 6 மாதச் சிறை. அந்தக் கட்டுரைகளை நம்பிப் பாடம் எடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

அதற்குப் பிறகு நேர்மையாகச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2020-இல் வந்த பெரிய தொகுப்பில் 281 ஆய்வுகள், 24,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஆபரேஷனை ஒட்டி காபாபென்டின், ப்ரீகாபலின் கொடுத்ததில் முதல் சில மணி நேர வலி 100-க்கு சுமார் 10 புள்ளி குறைந்தது. நோயாளிக்குப் பெரிய வித்தியாசம் தெரியாத அளவு. நாள்பட்ட வலி வராமல் தடுத்ததா? இல்லை. தலைசுற்றலும் பார்வை மங்கலும் மட்டும் கூடுதலாக வந்தன. அதற்கு முந்தைய வருடம், 2019 டிசம்பரில், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இன்னொரு எச்சரிக்கை விட்டிருந்தது: வயதானவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், அபின் வகை வலி மருந்தோ மயக்கம் தரும் மற்ற மருந்தோ சாப்பிடுகிறவர்கள் இவற்றை எடுத்தால் மூச்சு மந்தமாகலாம். நுரையீரல் ஆபரேஷனுக்கு வருகிறவர் பெரும்பாலும் எந்த ரகம் என்று நீங்களே யோசியுங்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்த வழக்கத்தை விட்டுவிட்டேன்.

ஆக, ஆபரேஷனுக்கு முன் விழுங்கினால் பிற்காலத்தில் நரம்பு வலி வராது என்று நம்பிச் சொல்லக்கூடிய மாத்திரை இன்றைக்கு இல்லை. யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், எந்த ஆதாரத்தில் என்று கேளுங்கள்.

பின்னே எதுதான் தடுக்கிறது? ஓரளவுக்கு, நரம்பையே மரத்துப்போகச் செய்வது. பல் பிடுங்கும்போது போடுகிற ஊசியின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு ஆபரேஷனில் இரண்டு முறை முக்கியம். ஒன்று, முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே ஒரு மெல்லிய குழாயை வைத்து, ஆபரேஷன் நேரத்திலும் பிறகு சில நாட்களும் மரப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது. எபிடியூரல் என்பது அதுதான். இன்னொன்று, முதுகெலும்புக்குப் பக்கவாட்டில் நரம்பு வெளியே வரும் இடத்திலேயே மருந்து வைப்பது. 2018-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பில், விலாவைத் திறக்கும் ஆபரேஷனுக்கு எபிடியூரலும், மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பக்கவாட்டு முறையும் பலன் தந்தன. கணக்கு இதுதான்: 7 பேருக்குச் செய்தால் ஒருவருக்கு நாள்பட்ட வலி தவிர்க்கப்படுகிறது. மீதி 6 பேரில் சிலருக்கு எப்படியும் வந்திருக்காது, சிலருக்கு இதையும் மீறி வரும். இது அற்புதமான எண் இல்லை. ஆனால் அந்த ஏழில் ஒருவர் என் நாத்தனாராக இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு அது சின்ன எண்ணாகத் தெரியவில்லை.

கெட்டமின் என்று ஒரு மருந்து. ஆபரேஷன் நேரத்தில் ரத்தக் குழாய் வழியாகக் குறைந்த அளவில் கொடுப்பது. 2013-இல் வந்த காக்ரேன் தொகுப்பு, மற்ற மருந்துகளை ஏற்காதபோது இதற்கு மட்டும் சிறிய பலன் தெரிகிறது என்றது. அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

சரி, உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ நெஞ்சு ஆபரேஷன் என்று தேதி குறித்துவிட்டார்கள். என்ன செய்யலாம்? அறுவை மருத்துவரிடம் நூறு கேள்வி கேட்கிறோம், மயக்க மருந்து மருத்துவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. அவர் முந்தின நாள் வந்து பல்லைக் காட்டச் சொல்வார், 'ஆ' சொல்லச் சொல்வார், கையெழுத்து வாங்குவார். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். "எனக்கு வலிக்கு என்ன ஏற்பாடு? நரம்பை மரத்துப்போக வைக்கும் முறை எனக்கு ஒத்துவருமா?" என்று கேளுங்கள். ஒத்துவராது என்றால் காரணம் சொல்வார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு முதுகில் குழாய் வைப்பது ஆபத்து. அந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் இதை இரண்டு முறை காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உடம்பில் வேறு எங்காவது நாள்பட்ட வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கும், ஆபரேஷனை நினைத்து மிகவும் பயப்படுகிறவர்களுக்கும், வயதில் சிறியவர்களுக்கும், பெண்களுக்கும் இந்த வலி நிற்கும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகளில் தெரிகிறது.

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாள் ரொம்ப முக்கியம். அந்த நாட்களில் வலி கடுமையாக இருந்தவர்களுக்குத்தான் பிறகும் வலி நிற்கிறது என்பது திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். நம் ஆட்கள், அதிலும் பெண்கள், வலியைச் சொல்வது பலவீனம் என்று நினைக்கிறார்கள். நர்ஸ் வந்து 'வலி எப்படிம்மா இருக்கு' என்றால் 'பரவாயில்லை சிஸ்டர்' என்போம். அசையாமல் படுத்திருக்கும்போது பரவாயில்லைதான். இருமினால் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். மூச்சை ஆழமாக இழுக்க முடியாமல், இருமிச் சளியை வெளியேற்ற முடியாமல் இருந்தால் நிமோனியா வரும். அந்த வலியைக் குறைப்பது சொகுசு இல்லை, சிகிச்சை. கூட இருக்கும் வீட்டு ஆட்கள் 'டாக்டரைத் தொந்தரவு பண்ணாதே' என்று அடக்காமல் இருந்தாலே போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு. முதல் சில வாரம் வலி இருப்பது இயல்பு, அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் அப்படியே நின்றாலோ, போய்விட்டுத் திரும்ப வந்தாலோ, வலியின் ரகம் மாறினாலோ கவனியுங்கள். மூன்று மாதம் தாண்டினால் அதை நாள்பட்ட வலி என்று உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலே தனிப் பெயர் கொடுத்துச் சேர்த்திருக்கிறது. மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. எரிச்சல் தொடங்கினால் அடுத்த செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

எப்படிச் சொல்வது? இங்கே நம் தமிழ் நமக்கு உதவுகிறது. டாக்டரிடம் போய் வெறுமனே 'பெயின்' என்று சொல்லாதீர்கள். எரியுதா, குத்துதா, குடையுதா, சுரீர்னு இழுக்குதா, கரண்ட் அடிக்கிற மாதிரியா, எறும்பு ஊறுதா, மரத்துக் கிடக்குதா, மரத்த இடத்திலேயே எரியுதா? எரிச்சல், கரண்ட், எறும்பு, மரப்பு, துணி பட்டால் தாங்காதது இவையெல்லாம் நரம்பு பேசும் மொழி. சதை வலியும் எலும்பு வலியும் அப்படிப் பேசாது. 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு வருடத்தைக் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். எல்லா நெஞ்சு வலியும் நரம்பு வலி இல்லை. நடந்தால் வந்து உட்கார்ந்தால் போகும் நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், காய்ச்சல், தையலில் சீழ் அல்லது சிவப்பு, பைபாஸ் ஆனவர்களுக்கு இருமும்போது நெஞ்செலும்பு 'கடக்' என்று அசைவது, மார்பகத்தில் புதிதாகக் கட்டி. இதில் எது இருந்தாலும் என் பேச்சையெல்லாம் மறந்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

நரம்பு வலிதான் என்று உறுதியான பிறகு, தடுக்க உதவாத அதே மாத்திரைகள் இப்போது உதவக்கூடும். இதில் குழம்ப வேண்டாம். வராமல் தடுப்பது வேறு, வந்ததைக் குறைப்பது வேறு. அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெட்டின், காபாபென்டின், ப்ரீகாபலின் இந்த நான்கும்தான் முதல் வரிசை. முதல் இரண்டும் மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள். சீட்டைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்காரர் 'இது டிப்ரஷன் மாத்திரையாச்சே' என்றால் கோபித்துக்கொண்டு தூக்கி எறியாதீர்கள். அதே மருந்து தண்டுவடத்தில் வலிக்கு எதிராக வேறு வேலை செய்கிறது. எதிர்பார்ப்பையும் அளவாக வையுங்கள். ப்ரீகாபலின் மாதிரி மருந்தில் ஏழு எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் வலி பாதியாகக் குறைந்ததை அந்த மருந்தின் கணக்கில் எழுத முடிகிறது என்று 2015-இல் ஒரு தொகுப்பு சொன்னது. ஒன்று கேட்கவில்லை என்றால் இன்னொன்றுக்கு மாற்றுவார்கள், சில வாரம் பிடிக்கும்.

அந்தப் பெரியவர் ஏன் விழுந்தார்? காபாபென்டினும் ப்ரீகாபலினும் உடம்பில் உடையாமல் அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்துகள். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் தேங்கும். அதனால் கிரியேட்டினின் பார்த்துவிட்டுத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும். அதோடு தூக்க மாத்திரை சேர்ந்தால் கால் நிலைகொள்ளாது. நம் ஊர்க் கடைகளில் ப்ரீகாபலினோடு மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமினைச் சேர்த்த மாத்திரை ஏராளமாக விற்கிறது. அதனால்தான் 'நரம்பு வைட்டமின்' என்று பெயர் பரவியிருக்கிறது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், பேரனைவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலினுக்கு வேறு சங்கடங்கள்: வாய் உலரும், புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம், சில வகைக் கண் அழுத்த நோய்க்கு ஆகாது, இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் ஈ.சி.ஜி. எடுக்காமல் தொடங்கக் கூடாது. இதில் எந்த மாத்திரையையும் 'வலி போச்சு' என்று ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாத்திரையோடு வேறு சிலதும் உண்டு. மரப்பு மருந்து தடவிய ஒட்டுத் துணி, தோளை அசைக்கும் பயிற்சி, சில பேருக்கு நரம்பில் ஊசி. பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எங்கள் துறையினரே வலி கிளினிக் நடத்துகிறார்கள். 'வலிக்கு என்று தனி டாக்டரா' என்று கேட்காதீர்கள்.

என் நாத்தனாருக்கு இரண்டு மருந்து மாற்றி, மூன்றாவதில் கொஞ்சம் பிடிபட்டது. பத்துக்கு எட்டாக இருந்த வலி இப்போது மூன்று என்கிறார். மழை நாளில் நாலு. ஒருக்களித்துப் படுக்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முன்பே அதைத் தொடங்கியிருக்கலாமே என்று அவர் என்னை ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

இனி உங்கள் கேள்விகள்.

கேள்வி (ஏ பிளாக்): எனக்கு அடுத்த மாதம் பைபாஸ். இந்த முதுகுக் குழாயைக் கேட்டு வாங்கலாமா?

நீங்கள் கேட்டது நல்லது சார். பைபாஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் நிறையக் கொடுக்க வேண்டியிருக்கும். முதுகுக்குள் கசிந்தால் ஆபத்து என்பதால் பெரும்பாலான இடங்களில் பைபாஸுக்கு அதைச் செய்வதில்லை. அதற்குப் பதிலாக மார்புச் சுவரில், தண்டுவடத்திலிருந்து தள்ளி, ஸ்கேன் பார்த்துக்கொண்டே போடும் ஊசிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை 2016-இல்தான் முதன்முதலாக விவரித்தார்கள். முதல் சில நாள் வலிக்கு நல்லது. வருடக் கணக்கில் தடுக்குமா என்பதற்கு, நுரையீரல் ஆபரேஷனில் எபிடியூரலுக்கு இருக்கிற அளவு ஆதாரம் இல்லை. கேட்டுப் பாருங்கள், கேட்பதால் நஷ்டமில்லை.

கேள்வி (டி பிளாக்): முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலி என்கிறார்களே? என் மருமகள் பிரசவத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை மாமி! ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அது உண்மை. பிரசவ வலிக்கு எபிடியூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், நாள்பட்ட முதுகு வலியில் வித்தியாசம் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து, தூக்கமில்லாமல் இருப்பவருக்கு ஊசி இல்லாமலே முதுகு வலிக்கும். மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், இல்லை, வேண்டாம், நானே பேசுகிறேன்.

கேள்வி (பி பிளாக்): இந்த மாத்திரைகள் அடிமையாக்கிவிடுமா?

ப்ரீகாபலினைப் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கடைக்காரர் சீட்டுக் கேட்டால் அவரோடு சண்டை போடாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில், வலிக்காகச் சாப்பிடுகிறவர்கள் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. முன்பு போதைப் பழக்கமோ மதுப் பழக்கமோ இருந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

செயலாளர் சார் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை வீட்டில்தான் இருப்பேன். நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, இப்படி எரிகிறவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். டிஸ்சார்ஜ் சீட்டையும், கடைசியாக எடுத்த கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வைத்திருக்கும் அட்டை இருந்தால் அதையும் சேர்த்து.